36,000 ரூபாய் டேப்லெட் வாங்கினால் பையனின் கையெழுத்து சரியாகுமா?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். மகனுக்கு ஒன்பது வயது. சிபிஎஸ்இ பள்ளியில் நான்காம் வகுப்பு. கேள்வி கேட்டால் டக்கென்று வாயால் பதில் சொல்கிறான், கதைப் புத்தகங்களைத் தானாகவே எடுத்துப் படிக்கிறான். எழுதச் சொன்னால்தான் பிரச்சினை. கரும்பலகையில் இருப்பதில் பாதியை எழுதுவதற்குள் அழித்துவிடுகிறார்கள். எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் ஓடுகின்றன, சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை, பத்து வரி எழுதினால் கை வலிக்கிறது என்கிறான். ஆங்கிலம் பரவாயில்லை, தமிழ் இன்னும் மோசம். பென்சிலில் மாட்டும் ரப்பர் பிடிகளை வாங்கிப் பார்த்தாயிற்று. கோடை விடுமுறையில் கையெழுத்துப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே அழகாக எழுதியவன், பள்ளி திறந்ததும் பழையபடி ஆகிவிட்டான். 'சோம்பேறித்தனம்தான், வீட்டில் உட்கார வைத்து எழுத வையுங்கள்' என்று ஆசிரியை டைரியில் குறிப்பு அனுப்புகிறார்.

இப்போது ஒரு கல்விச் செயலி நிறுவனத்தின் விற்பனையாளர் வீட்டுக்கே வந்து, டேப்லெட், டிஜிட்டல் பேனா, இரண்டு வருடச் சந்தா எல்லாம் சேர்த்து 36,000 ரூபாய், தவணையிலும் கட்டலாம், 90 நாளில் கையெழுத்து மாறிவிடும் என்றிருக்கிறார். பையனைப் பத்து நிமிடம் எழுத வைத்து, 'டிஸ்கிராஃபியா 70 சதவீதம்' என்று திரையில் காட்டியும் விட்டார் (டிஸ்கிராஃபியா என்பது எழுதுவதில் வரும் கற்றல் குறைபாடு). கணவர் வாங்கிவிடலாம் என்கிறார். இவருக்குத் தயக்கம். ஏற்கெனவே போனில் விளையாடுகிறவனுக்கு இன்னொரு திரையா? கேம் விளையாடும்போது விரல் அவ்வளவு வேகமாக ஓடுகிறதே, எழுத மட்டும் ஏன் வராது? டைப் அடிக்கப் பழகினால் எழுதுவதையே மறந்துவிடுவானா? கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கினால் பின்னால் அவனுக்குக் கெட்ட பெயரா? இவை அவருடைய கேள்விகள். மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், ஒரு வரியும் இருக்கிறது: 'சின்ன வயதில் எல்லாவற்றையும் இடது கையில்தான் எடுப்பான், மாமியார் சொல்லி எல்.கே.ஜி.யிலேயே மாற்றிவிட்டோம்.'

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் அந்த டேப்லெட்டை வாங்காதீர்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது எழுதுவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிறவளாக, நானும் குழந்தைகளிடம் டேப்லெட்டைக் கொடுத்து எழுத வைக்கிறவள்தான். அதனால் திரை என்றாலே ஆகாது என்று சொல்கிற கட்சி இல்லை நான். ஆனால் உங்கள் மகனின் கை எந்த இடத்தில் சிக்குகிறது என்று இதுவரை யாருமே பார்க்கவில்லை. அது தெரிவதற்கு முன்னால் எந்தக் கருவி வாங்கினாலும் அது குருட்டாம்போக்கில் வாங்கியதுதான்.

சோம்பேறித்தனம் என்ற பேச்சை வீட்டிலாவது இன்றோடு நிறுத்திவிடுங்கள். சோம்பேறிப் பிள்ளை தானாகப் புத்தகம் எடுத்துப் படிக்காது. விடுமுறை வகுப்பில் நன்றாக எழுதினான் என்று நீங்கள் சொல்வதே ஒரு துப்பு. அங்கே அவனுக்கு இருந்தது ஒரே வேலை: பார்த்து, மெதுவாக, அழகாக வரைவது. பள்ளியில் பலகையைப் பார்க்க வேண்டும், பார்த்ததை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், லகரமா ளகரமா என்று யோசிக்க வேண்டும், மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். எழுத்தின் வடிவம் கைக்குத் தானாக வராத குழந்தைக்குக் கவனம் முழுவதும் வடிவத்திலேயே போய்விடும். மற்றதற்கு எதுவும் மிஞ்சாது. கேம் விஷயமும் அப்படித்தான். கண்ணாடித் திரையில் கட்டைவிரலைத் தேய்ப்பதும், மெல்லிய பென்சிலை மூன்று விரலில் பிடித்து, அளவான அழுத்தத்தோடு, நினைவிலிருந்து ஒரு வடிவத்தைக் கொண்டுவருவதும் கைக்கு இரண்டு வேறு வேலைகள்.

அந்த மூன்றாம் பக்கத்து வரி

எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமாகப் பட்டது அதுதான். பந்து எறிவது, பல் தேய்ப்பது, கத்தரிக்கோல் பிடிப்பது, பாட்டில் மூடி திறப்பது எல்லாம் எந்தக் கையில் என்று ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். அவனிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் மாற்றிக்கொள்வான். இன்னமும் இடது கைதான் முந்துகிறது என்றால், இத்தனை வருடமும் தனக்கு வாகில்லாத கையால் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அதற்காக நாளைக்கே பென்சிலை இடது கையில் கொடுத்துவிடாதீர்கள். வலது கையில் ஐந்து வருடப் பழக்கம் ஏறியிருக்கிறது. இரண்டு கையாலும் எழுத வைத்துப் பார்த்து, எது அவனுக்கு உகந்தது என்று ஒரு தெரபிஸ்ட் சொல்லட்டும். மாமியாரோடு இதற்காகச் சண்டை வேண்டாம். சோற்றுக்கை, பீச்சாங்கை என்று வளர்ந்த தலைமுறை அது. சாப்பிடுவது வலது கையிலேயே இருக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. எழுதும் கையை மட்டும் அவனுக்கு விட்டுவிடச் சொல்லுங்கள்.

ரப்பர் பிடி வேலை செய்யவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பென்சிலை இப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று நாம் குழந்தைகளைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. கனடாவில் நான்காம் வகுப்புக் குழந்தைகள் 120 பேரை வைத்துச் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான நான்கு விதப் பிடிகளில் எதைப் பிடித்தாலும் வேகத்திலோ தெளிவிலோ வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். வலிக்கிறதா, இல்லையா என்பதை மட்டும் பாருங்கள்.

அந்த 70 சதவீதம்

டிஜிட்டல் பேனாவின் நிஜமான பலம் எங்கே இருக்கிறது என்றால், நோட்டில் தெரியாததை அது காட்டும். நோட்டில் இருப்பது எழுதி முடித்த எழுத்து. அது எந்த வரிசையில், எவ்வளவு அழுத்தத்தில், எங்கெங்கே நின்று நின்று வந்தது என்பது காகிதத்தில் இருக்காது. இஸ்ரேலில் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா ரோசன்ப்ளுமும் உடன் பணிபுரிந்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கையெழுத்தில் திணறும் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் பேனா, மற்றக் குழந்தைகளின் பேனாவைவிட அதிக நேரம் தாளைத் தொடாமல் காற்றில் இருக்கிறது என்று அதில் அளந்து காட்டினார்கள். வெறுமனே நிற்பதில்லை, காற்றிலேயே அலைகிறது. வகுப்பு ஆசிரியைக்குப் பையன் எழுதாமல் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரிவது இந்த நேரம்தான்.

2018இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகர ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். 298 குழந்தைகளை டேப்லெட்டில் எழுத வைத்து, அவர்களில் ஏற்கெனவே டிஸ்கிராஃபியா என்று கண்டறியப்பட்ட 56 பேரைக் கணினி பிரித்துச் சொல்லுமா என்று பார்த்தார்கள். பெரும்பாலும் சரியாகச் சொன்னது. ஆனால் அது பிரெஞ்சு எழுதும் குழந்தைகளை வைத்து, ரோமன் எழுத்துக்குப் பழக்கிய முறை. அதன் ஆய்வுமுறை சரியில்லை என்று அடுத்த ஆண்டே அதே இதழில் வேறு ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். அங்கேயே நிலைமை இப்படி இருக்கும்போது, தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி எழுதுகிற ஒன்பது வயதுப் பையனுக்குப் பத்து நிமிடத்தில் 70 சதவீதம் என்று ஒருவர் காட்டினால் அது விற்பனைக்கான எண், அவ்வளவுதான். எந்தச் செயலியும் டிஸ்கிராஃபியா உண்டு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கண் பரிசோதனை, குழந்தை நல மருத்துவர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பிறகு கற்றல் குறைபாட்டுச் சோதனை என்று வரிசையாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைக்கு நம் நாட்டில் பரவலாகப் பயன்படுவது பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு. எட்டு வயதுக்கு மேல் செய்வது வழக்கம். உங்கள் மகனுக்குச் சரியான வயதுதான். தனியாரிடம் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தைக் கேட்டுப் பாருங்கள்.

ஆங்கிலம் பரவாயில்லை, தமிழ் மோசம் என்கிறீர்களே, அதில் ஆச்சரியம் இல்லை. 'கொக்கு' என்று சொல்லிப் பாருங்கள். காதில் முதலில் விழுவது ககரம். கையோ முதலில் ஒற்றைக்கொம்பு போட்டு, பிறகு க எழுதி, அப்புறம் துணைக்கால் போட வேண்டும். காது ஒரு வரிசை சொல்ல, கை வேறு வரிசையில் போக வேண்டும். உகரத்தை எடுத்துக்கொண்டால் கு, சு, டு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளையும். உங்கள் மாமியார் படித்த காலத்தில் ணை, லை, றா போன்றவற்றுக்கும் தனித்தனி வடிவங்கள் இருந்தன. 1978இல் தமிழக அரசு கொண்டுவந்த சீர்திருத்தத்தில் அவை ஒழுங்குக்கு வந்தன, உகரம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ண, ன சுழிகளில் எத்தனை சுற்று என்ற குழப்பம் வேறு. ஆங்கிலத்துக்குச் செய்த செயலியின் மேல் தமிழ் எழுத்துருவை ஒட்டி வைத்தால் இவற்றில் எதுவும் தீராது.

திரையில் எதைப் பழகலாம்

புள்ளி வரிசையின் மேல் விரலை ஓட்டினால் நட்சத்திரம் விழும் செயலிகள்தான் கடையில் அதிகம். அவற்றால் கெடுதல் இல்லை, பயனும் குறைவு. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை எழுத்துகளைப் புள்ளியின் மேல் ஓட்டவும், டைப் அடிக்கவும், தாமாக எழுதவும் வைத்து, பிறகு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில். 2012இல் வெளிவந்த அந்த முடிவின்படி, படிப்பதற்கு உதவும் பகுதிகள் விழித்துக்கொண்டது தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான். அதற்கு முன்பே, 1997இல், அமெரிக்க ஆய்வாளர் வர்ஜீனியா பெர்னிங்கர் குழுவினர் முதல் வகுப்புக் குழந்தைகளிடம் பல முறைகளை ஒப்பிட்டிருந்தார்கள். எண் போட்ட அம்புக்குறிகளைப் பார்த்து, பிறகு எழுத்தை மறைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதுவது மற்ற முறைகளை முந்தியது.

ஆகவே நல்ல செயலியை அடையாளம் காண ஒரு வழி: அது எழுத்தின் ஓட்டத்தைக் காட்டிவிட்டு எழுத்தை மறைக்கிறதா? மறைத்த பின் குழந்தை எழுதியதும் தப்பை உடனே காட்டுகிறதா? இந்த உடனடித் திருத்தம்தான் திரையின் நிஜமான சாதகம். நாற்பது பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியையால் ஒவ்வொரு சுழியையும் நின்று பார்க்க முடியாது. அந்த விற்பனையாளர் மறுபடி வந்தால் அவர் முன்னால் 'கொ' எழுதிக் காட்டுங்கள். வேண்டுமென்றே துணைக்காலை முதலில், க அடுத்து, கொம்பைக் கடைசியில். செயலி அதற்கும் நட்சத்திரம் கொடுத்தால், அது முடிந்த படத்தை மட்டும் பார்க்கிறது, எழுதும் விதத்தைப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

கருவியிலும் கவனம் வேண்டும். தடித்த ரப்பர் முனைப் பேனா எழுதப் பழக உதவாது, அழுத்தமும் அதற்குத் தெரியாது. அழுத்தத்தை உணரும் பேனாவாக இருக்க வேண்டும். உள்ளங்கை திரையில் பட்டாலும் கோடு விழாத வசதி வேண்டும். அது இல்லாவிட்டால் குழந்தை மணிக்கட்டைத் தூக்கியபடியே எழுதி, கை வலி அதிகமாகும். கண்ணாடி வழுக்கும். வழுக்கும் பரப்பில் எழுதும்போது சின்னப் பிள்ளைகள் தடுமாறுவதை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். காகிதம் போலச் சொரசொரப்பான படலத்தை மேலே ஒட்டிக்கொள்ளலாம். இவ்வளவும் இருந்தாலும் ஐந்து நிமிடம் திரை, பத்து நிமிடம் நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுதப்போவது தாளில்தானே.

90 நாள் உத்தரவாதம் பற்றி ஒரு வார்த்தை. 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 20 முறைக்குக் குறைவாகப் பயிற்சி கொடுத்தவையும், எழுதவே வைக்காமல் வேறு பயிற்சி மட்டும் கொடுத்தவையும் பலன் தரவில்லை என்று தெரிந்தது. 2016இல் வந்த பெரிய தொகுப்பாய்வு தொழில்நுட்பத்தோடு சொல்லிக்கொடுப்பது எழுத்தின் தெளிவைக் கூட்டியது என்கிறது. கை விரல்களுக்கான உடற்பயிற்சி மட்டும் கொடுத்தால் கையெழுத்து மாறவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. களிமண் பிசைவதையும் மணி கோப்பதையும் மாதக்கணக்கில் செய்ய வைக்கிற என் தொழில்காரர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். வாரம் ஐந்து நாள், நாளுக்குக் கால் மணி நேரம், ஒரு எட்டு வாரம். இதற்கு யாரிடமாவது இரவல் வாங்கிய டேப்லெட் போதும். எட்டு வாரம் கழித்து மாற்றம் தெரிந்தால் சொந்தமாக வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

டைப் அடித்தால் எழுத்து மறந்துபோகுமா?

எழுத்தையே முதன்முதலாகக் கற்கும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு இந்தப் பயம் நியாயம். கையால் எழுதிப் பழகினால்தான் எழுத்துகள் நன்றாக அடையாளம் தெரிகின்றன என்று ஆய்வுகள் உண்டு. சரளமாகப் படிக்கிற உங்கள் மகனுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. அவனுக்கு இப்போது இருக்கும் ஆபத்து வேறு. கை வலிக்குப் பயந்து, தெரிந்ததையும் நாலு வரியில் முடித்துக்கொள்ளப் பழகிவிடுவான். அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கையெழுத்துப் பயிற்சி என்றால் கையெழுத்து மட்டும். கதை, கட்டுரை, சமூக அறிவியல் விடை என்றால் வாயால் சொல்லட்டும் அல்லது டைப் அடிக்கட்டும்.

கூகுளின் தமிழ்க் குரல் தட்டச்சு 2017 முதல் இருக்கிறது. முதல் வரைவுக்கு நன்றாகவே உதவும். லகர ளகரங்களைக் கருவியே போட்டுவிடும் என்பதால் பிழை திருத்தும் பயிற்சிக்கு அதை நம்பாதீர்கள். விசைப்பலகைக்குத் தமிழ்99 பழக்குங்கள். 1999இல் அரசு தரப்படுத்திய அந்த முறையில் உயிரெழுத்துகள் இடது பக்கம், மெய்கள் வலது பக்கம். க அடித்து ஒ அடித்தால் கொ வந்துவிடும். காதில் கேட்கிற வரிசையிலேயே விரல் போகிறது. கொம்பை முன்னால் போடுகிற சுமை இல்லை. உங்கள் மகனைப் போன்ற குழந்தைக்கு இது பெரிய நிம்மதி. விண்டோஸிலும் ஐபோனிலும் இது இருக்கிறது, தனியாகக் காசு தேவையில்லை.

சான்றிதழும் பள்ளியும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று, டிஸ்கிராஃபியா அதற்குள் வருகிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப் பாட விலக்கு போன்ற தேர்வு மாற்றங்களை அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவே சொல்கிறது. சிபிஎஸ்இ பொதுத்தேர்வில் சான்றிதழ் உள்ள மாணவருக்கு மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு. மருத்துவப் பரிந்துரை இருந்தால் இணையம் இல்லாத கணினியில் விடை எழுதவும் வழி இருக்கிறது. ஆக, இன்று டைப் அடிக்கக் கற்பது பத்தாம் வகுப்பில் பயன்படக்கூடிய திறமை. சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் வராவிட்டால் ஒன்றுமே கிடைக்காது என்று யாராவது சொன்னால், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவருக்காக 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சொல்லுங்கள். அந்த வரம்பைக் காட்டிச் சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது என்றது அது.

கெட்ட பெயர் வருமா என்கிறீர்கள். சான்றிதழை எங்கே காட்டுவது, எங்கே காட்டாமல் விடுவது என்பது உங்கள் முடிவு. சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இப்போதைக்குச் சான்றிதழ் இல்லாமலே பள்ளியிடம் சிலவற்றைக் கேட்கலாம்: பலகைப் பாடத்தை போனில் படம் எடுத்து அனுப்புவது, வீட்டுப் பாடத்தைப் பாதியாகக் குறைப்பது, மாதத் தேர்வில் சில விடைகளை வாய்மொழியாகக் கேட்பது. டைரியில் எழுதாதீர்கள். கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியையைக் குற்றம் சொல்லும் தொனி வேண்டாம். பேனா காற்றில் அலைகிற விஷயத்தைச் சொன்னால் பல ஆசிரியர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

விற்பனையாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மகன் எழுதிய மாதிரியும் பெயரும் அவர்களிடம் சேமிப்பில் இருக்கிறதா? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது, அதனால் நீக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். இரண்டாவது, 90 நாளில் மாறாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுதித் தருவாரா? தவணைக்கடன் பெரும்பாலும் வேறொரு நிதி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். செயலியை நிறுத்தினாலும் தவணை நிற்காது.

பரிசோதனைக்குப் போகும்போது ஒன்றாம் வகுப்பிலிருந்து இருக்கிற பழைய நோட்டுகளை எடுத்துப்போங்கள். விடுமுறை வகுப்பில் எழுதிய பக்கமும், அவசரமாக எழுதிய பள்ளிப் பக்கமும் இரண்டும் வேண்டும். அவன் பத்து வரி எழுதுவதைப் பக்கவாட்டிலிருந்து, கையும் தோளும் தெரிகிற மாதிரி, போனில் வீடியோ எடுத்து வையுங்கள். கை வலிக்கிறது என்று சொல்லும்போது விரலா, மணிக்கட்டா, தோளா, எத்தனையாவது வரியில் ஆரம்பிக்கிறது என்று அவனிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தெரபிஸ்ட் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.